அசல் ஆர்எம்

தம்பி, கோவிச்சுக்கிடாதீங்க. அடுத்தவங்க மடியில இருக்கிற லேப்டாப்பை எட்டிப் பாக்குற பழக்கம் எனக்குக் கிடையாது. திருத்தங்கல் தாண்டினதுல இருந்து ஜன்னல் பக்கமே திரும்பித்தான் உக்காந்திருந்தேன். ஆனா நீங்க அந்தக் கறுப்புத் திரையைத் திறந்து, ஆர்எம்னு ரெண்டெழுத்து அடிச்சு ஒரு ஃபைலை அழிச்சீங்க பாருங்க, அதுக்கப்புறம் சும்மா இருக்க முடியல. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். அழிச்சிட்டீங்களே, அது திரும்ப வருமா?

வராதுல்ல. உங்க மெஷின்ல வராது. ஊர்ல எந்த மெஷின்லயும் வராது. என் மெஷின்ல வந்துச்சு தம்பி. வருசக்கணக்கா வந்துச்சு. அதை ஒருத்தி வந்து கெடுத்தா. மதுரை போய்ச் சேர இன்னும் நேரம் கிடக்கு, சொல்றேன் கேளுங்க. கேட்டுட்டு நியாயத்தை நீங்களே சொல்லுங்க. எங்க பிரஸ்ல நியாயம் சொல்ல ஆள் இல்ல.

என் பேரு தவமணி. சிவகாசியில ஒரு காலண்டர் பிரஸ்ல கம்ப்யூட்டர் என் பொறுப்பு. பிரஸ் பேரு வேண்டாம், மொதலாளி நல்ல மனுசர். தினசரி காலண்டர்ல தினம் ஒரு தாள் கிழிக்கிறீங்கள்ல, அந்தத் தேதித் தாள் வேலை பூரா எங்க செக்‌ஷன்தான். நல்ல நேரம், ராகு காலம், சூலம், விரதம், முகூர்த்தம் எல்லாம் அடிச்சு, ஸ்ரீவில்லிபுத்தூர் ஜோசியர் கிட்ட காட்டித் திருத்தி, அச்சுக்குப் பிளேட் போடுற மெஷினுக்கு அனுப்பணும். அட்டையில சாமி படம் போடுறவன் விண்டோஸ்ல போடட்டும். தேதித் தாள் லினக்ஸ்லதான் ஓடும். அந்த ஏற்பாடு பூரா நான் பண்ணினது.

லினக்ஸுக்கு மூலம் யூனிக்ஸ், அந்த யூனிக்ஸ்காரன் வேலைக்கு ஒரு கட்டளை குடுத்திருக்கான்னு உங்களுக்குத் தெரியும். நகல் எடுக்க ஒண்ணு, வரிசைப்படுத்த ஒண்ணு, அழிக்க ஒண்ணு. அழிக்கிறதுக்குத்தான் இந்த ஆர்எம். ரொம்ப வருசம் முன்னாடி, பேச்சியம்மான்னு எங்ககிட்ட டைப் அடிக்கிற பொம்பளை, ஆர்எம் போட்டு கார்த்திகை மாசத்தை அப்படியே அழிச்சிருச்சு. ஒரு மாசம் முழுக்க. உக்காந்து ஒரே அழுகை. எனக்கு மனசு கேக்கல. ஆர்எம்ங்கிற கட்டளையையே எடுத்து நான் திருத்தி எழுதினேன். அசலைத் தூக்கி வச்சிட்டு அந்த இடத்துல என்னோடதைப் போட்டேன். அதே பேரு, அதே ரெண்டெழுத்து. ஆனா அழிக்காது. ஒரு மறைவான இடத்துக்குக் கொண்டுபோய் வச்சிரும். வேணும்னா பின்னால ஒரு எழுத்து சேத்து அடிச்சா திரும்பக் கொண்டாந்துரும்.

அதோட நிக்கல நான். வரிசைப்படுத்துற கட்டளைக்கு அ, ஆ, இ தெரியாது. அதைத் திருத்தி, ஆர்டர் குடுத்த கடைப் பேரெல்லாம் தமிழ் அகராதி வரிசையில வர மாதிரி பண்ணினேன். நகல் எடுக்கிற கட்டளை தானாத் தேதி போடும். ஒவ்வொண்ணுலயும் ஆப்ஷன் மேல ஆப்ஷன். புதுசு புதுசா பேரு கண்டுபிடிச்சு வைக்கிறதுல எனக்கு நம்பிக்கை கிடையாது. விரலுக்குப் பழகின பேரு ஒண்ணு இருக்கையில, அதுக்குள்ளேயே புது வேலையைச் சேத்துட்டா யாருக்கு என்ன கஷ்டம்? மொதலாளி வர்றவங்க கிட்ட எல்லாம், "தவமணி இல்லாட்டி எங்க மெஷினை ஒரு பய தொட முடியாது"ன்னு சொல்வாரு. உண்மைதான். தொட முடியாது.

அப்பத்தான் ராஜகனி வந்தா.

பக்கத்து ஊரு, சாத்தூர். இன்ஜினியரிங் படிச்சிட்டு பெங்களூர்ல வேலை பாத்துட்டு, அப்பாவுக்கு உடம்பு சரியில்லைன்னு திரும்பி வந்த பிள்ளை. வேலை அதிகமாயிருச்சு, உனக்குத் தொணையா இருக்கட்டும்னு மொதலாளி சொன்னாரு. நான் கேட்டேனா தொணை? கேக்கல. வந்த அன்னைக்கே காபி வாங்கிட்டு வந்து என் மேஜையில வச்சு, "அண்ணாச்சி, உங்க ஏற்பாட்டை எனக்குச் சொல்லிக் குடுங்க"ன்னா. பாத்தீங்களா தந்திரத்தை. எங்க எது இருக்குன்னு தெரிஞ்சுக்கிடறதுக்குக் காபி.

அவ வேலை எல்லாம் சில்லறை வேலை தம்பி. பொடிப் பொடியா ஸ்கிரிப்ட் எழுதுவா. நாலு வரி, அஞ்சு வரி. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு. அமாவாசைத் தேதியைச் சரிபாக்க ஒண்ணு, ஒரே விரதம் ரெண்டு இடத்துல விழுந்திருக்கான்னு பாக்க ஒண்ணு. மத்தியானச் சாப்பாட்டு நேரத்துலயும் சாயங்கால டீ நேரத்துலயும் அன்னைய வேலையை மூலையில கிடக்கிற பழைய மெஷினுக்கு நகல் எடுத்து வைக்க ஒண்ணு. இதெல்லாம் ஒரு புரோகிராமான்னு கேட்டேன். இல்ல அண்ணாச்சி, சும்மா கைக்கு ஒத்தாசைன்னா. என் ஆர்எம் எத்தனை ஆயிரம் வரி தெரியுமா? நான் சொன்னேன், அவளும் ஆச்சரியப்பட்டா. அந்த ஆச்சரியத்தை நான் பாராட்டுன்னு எடுத்துக்கிட்டேன். ஏமாந்தது அங்கதான்.

ஒருநாள் டீக்கடைப் பக்கமா நிக்கும்போது தனியா வந்து பேசினா. பக்கத்துல யாருமில்ல. அவ பேசினது வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கு எனக்கு, அவ்வளவு எரிஞ்சுச்சு.

"அண்ணாச்சி, உங்க யோசனை நல்ல யோசனை. ஆனா அதை ஆர்எம்ங்கிற பேர்ல வைக்காதீங்க. ஊரு பூரா ஒரு மாதிரி புழங்குற சொல்லை நம்ம வீட்டுல மட்டும் வேற மாதிரி பழக்கிட்டா, வெளிய போற பிள்ளை மாட்டிக்கிடும். அசலை அசலா விட்டுட்டு, உங்களோடதுக்குத் தனிப் பேரு வைப்போம்."

தனிப் பேரு வைக்கணுமாம். பெத்த பிள்ளையைத் தனிக்குடித்தனம் போகச் சொல்ற மாதிரி. உன் வேலையைப் பாரும்மான்னு சொல்லிட்டு வந்துட்டேன். அதுக்கப்புறம் அவ மறுபடி ரெண்டு தடவை வந்து அதையே சொன்னா. நான் காதுல வாங்கல. இப்ப நினைச்சுப் பாத்தா, பின்னால பண்ணப் போறதுக்கு அப்பவே அடி போட்டிருக்கா.

ஆடிப்பெருக்கு அன்னைக்கு எங்க ஊர்ல புது மாடல் எல்லாம் சேத்துக் காலண்டர் ஆல்பம் போடுவாங்க. அதுல இருந்து சீசன். ஆர்டர் வந்து குவியும். இந்த வருசம் மொதலாளி புதுசா ஒரு பிளேட் மெஷின் இறக்கினாரு. சென்னையில இருந்து கம்பெனி ஆளுங்க வந்து மாட்டிட்டுப் போனாங்க. சீசன் சூடு பிடிச்ச நேரம் பாத்து, மெஷின் நின்னு போச்சு. டிஸ்க்குல இடம் இல்லைங்குது. வருசா வருசம் டிஸ்க்கு நிறையும், நான் புது டிஸ்க்கு வாங்கச் சொல்லுவேன், தொழில் வளருது மொதலாளின்னு சொன்னா அவரும் சந்தோசமா வாங்கித் தருவாரு. ஆனா இந்த வருசம் வாங்கின டிஸ்க்கு மாட்டின உடனே நிறைஞ்சிருச்சு.

கம்பெனி ஆளு திரும்ப வந்தான். கழுத்துல ஐடி கார்டுப் பட்டை மாட்டின பய. பிளேட் மெஷினோட புரோகிராம் ஒவ்வொரு தாளுக்கும் தற்காலிகமா பெரிய பெரிய ஃபைல் எழுதி, வேலை முடிஞ்சதும் ஆர்எம் போட்டு அழிக்குமாம். இங்க ஆர்எம் எங்க அழிக்குது? பூராத்தையும் பத்திரமாச் சேத்து வச்சிருக்கு. அது அதோட வேலையைத்தானே செஞ்சுச்சு? அந்தப் பய மொதலாளி, டைப் அடிக்கிற பொம்பளைங்க, பைண்டிங் ஆளுங்க எல்லாரும் நிக்கையில, "யாருங்க இது, ஆர்எம்மையே மாத்தி வச்சது?"ன்னு கேட்டுட்டுச் சிரிச்சான். பேச்சியம்மா கூடச் சிரிச்சுச்சு தம்பி. யாருக்காக நான் அதை எழுதினேனோ அந்தப் பேச்சியம்மா.

ராஜகனி சிரிக்கல. தலையைக் குனிஞ்சுக்கிட்டா. சிரிச்சிருந்தாக் கூடப் பொறுத்திருப்பேன்.

மொதலாளி என்கிட்ட ஒண்ணும் கேக்கல. அவ பக்கம் திரும்பி, "இதைச் சரி பண்ணும்மா"ன்னாரு. என்னைத் தாண்டி, அவகிட்ட. நான் ரெண்டு பேருக்கும் நடுவுலதான் நின்னுக்கிட்டிருந்தேன். அன்னைக்கே அசல் ஆர்எம் திரும்ப வந்துச்சு. வரிசைப்படுத்துறது, நகல் எடுக்கிறது எல்லாம் அசலுக்குப் போச்சு. என்னோடதை எல்லாம் ஒரு டைரக்டரியில பத்திரமா வச்சிருக்கேன் அண்ணாச்சின்னா. செத்தவனுக்குப் படம் மாட்டின மாதிரி.

அன்னைக்கு முடிவு பண்ணினேன், இவளைக் கவுக்காம விடக் கூடாதுன்னு.

எப்படிக் கவுக்கிறது? நான் ஒண்ணும் செய்ய வேண்டியதில்ல தம்பி. யோசிச்சுப் பாருங்க. என் ஆர்எம்ல பழகின விரலுங்க அத்தனையும் அங்கதான் இருக்கு. ஆர்எம் போட்டா திரும்பி வரும்னு நினைச்சுக்கிட்டு அடிக்கிற பொம்பளைங்க. இப்ப இருக்கிறது அசல். போட்டா போனதுதான். இன்னைக்கோ நாளைக்கோ ஒருத்தி சித்திரையை அழிப்பா, இல்ல புரட்டாசியை அழிப்பா. அழுவா. மொதலாளி வந்து யாரு அசலைக் கொண்டாந்ததுன்னு கேப்பாரு. அப்ப நான் எந்திரிச்சு நிப்பேன். என்ன பேசணும்ங்கிறதை எல்லாம் தயார் பண்ணி வச்சிருந்தேன். வீட்டுல குளிக்கும்போது சொல்லிப் பாப்பேன். "மொதலாளி, மனுசன் தப்புப் பண்ணுவான்னு தெரிஞ்சு எழுதினேன் நான். தப்பே பண்ணாதவங்களுக்காக எழுதினவ இவ." நல்லா இருக்குல்ல? நானே அசந்து போனேன்.

அதுக்கு இடையில அவ எல்லாரையும் கூப்பிட்டு உக்கார வச்சு என்னமோ பாடம் நடத்தினா. என்னையும் கூப்பிட்டா, ரெண்டு வாட்டி கூப்பிட்டா. எனக்கு வயிறு சரியில்லைன்னுட்டேன். அவ என்ன சொல்லிக் குடுத்தாலும் விரல் கேக்காதுன்னு எனக்குத் தெரியும். விரலைப் பத்தி எனக்குத் தெரிஞ்ச அளவு அவளுக்குத் தெரியாது.

காத்துக்கிட்டே இருந்தேன். பேச்சியம்மா கீபோர்டுல கை வச்சா நான் வேலையை விட்டுட்டு அந்தப் பக்கமே காதை வச்சிருப்பேன். ஒருத்தரும் அழிக்கல. எனக்கே ஆத்திரமா வந்துச்சு, என்னடா இது, வழக்கமா வாரம் ஒருத்தி அழிப்பாளே, இப்ப ஏன் எல்லாரும் ஒழுங்கா இருக்காளுகன்னு.

அடுத்ததைக் கேளுங்க. தேதித் தாள் முழுசும் முடிஞ்சு, ஜோசியர் கடைசித் திருத்தம் போட்டுக் குடுத்துட்டாரு. மறுநாள் பிளேட். முதல் ஆர்டர் கோயம்புத்தூர் ஜவுளிக்கடை, பெரிய பார்ட்டி, எங்களுக்குச் சோறு போடுற பார்ட்டி. பிளேட்டுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி டைரக்டரியைச் சுத்தம் பண்றது எப்பவும் நான்தான். ஒவ்வொரு நாளுக்கும் பழைய திருத்தம், புதுத் திருத்தம்னு நாலைஞ்சு ஃபைல் கிடக்கும். அதுல பழசை ஒண்ணொண்ணாப் பாத்துப் பொறுக்கிக்கிட்டு இருந்தா விடிஞ்சிரும். நான் வச்சிருக்கிற வழி வேற. பூராத்தையும் ஆர்எம் அடிச்சுத் தூக்கிப் போட்டுருவேன். போட்டுட்டு, கடைசித் திருத்தத்தை மட்டும் திரும்ப எடுப்பேன். வீட்டுல பீரோவை ஒதுங்க வைக்கும்போது எல்லாத் துணியையும் கட்டில்ல கொட்டிட்டு, வேணுங்கிறதை மட்டும் மடிச்சு வைப்போம்ல, அதே மாதிரிதான். வருசா வருசம் அப்படித்தான் பண்ணுவேன்.

பண்ணினேன்.

விரல் அடிச்சிருச்சு தம்பி. அடிச்சிட்டு, திரும்ப எடுக்கிறதுக்கு அந்த எழுத்தைச் சேத்து அடிச்சேன். அப்படி ஒரு ஆப்ஷனே கிடையாதுன்னு சொல்லுது. மறுபடி அடிச்சேன். மறுபடியும் அதையே சொல்லுது. அப்புறம்தான் புரிஞ்சுச்சு. ஒரு வருசம் போயிருச்சு. பொங்கல் இல்ல, பங்குனி உத்திரம் இல்ல, தீபாவளி இல்ல. ஜோசியர் திருத்தின அத்தனையும் போச்சு. வேலை போச்சு, பேரு போச்சுன்னு ஓடுது மனசுல. தவமணி இல்லாட்டி தொட முடியாதுன்னு சொன்ன வாய், இனிமே தவமணி தொட்டாத்தான் நாசம்னு சொல்லும்.

யாரால வந்துச்சு இது? நீங்களே சொல்லுங்க. என் ஆர்எம் இருந்திருந்தா நடந்திருக்குமா?

பேச்சியம்மாதான் முதல்ல பாத்துச்சு, என் மூஞ்சி போன போக்கைப் பாத்துட்டு எந்திரிச்சு வந்துச்சு. திரையைப் பாத்துச்சு. "ஐயையோ அண்ணாச்சி, ஆர்எம்மா போட்டீங்க? நாங்க யாரும் இப்ப அதைத் தொடுறதே இல்லையே. ஓரம்னு அடிச்சிருக்கலாம்ல"ன்னுச்சு.

ஓரம். இங்கிலீஷ்ல நாலு எழுத்து. ராஜகனி எழுதிக் குடுத்ததாம். ஓரம்னு அடிச்சு ஃபைல் பேரைப் போட்டா, அழிக்காம ஒரு ஓரமாக் கொண்டுபோய் வைக்குமாம். வேணும்னா திரும்ப எடுத்துக்கிடலாமாம். அன்னைக்கு எல்லாரையும் உக்கார வச்சு நடத்தின பாடம் அதுதானாம். அத்தனை பொம்பளைங்களும் பழகிட்டாளுக. அந்தக் கட்டடத்துலயே பழைய விரலோட மிச்சம் இருந்தவன் நான் ஒருத்தன்தான்.

என் யோசனை தம்பி அது. என் யோசனையைத் திருடி, என் பேரை எடுத்துட்டு, ஓரம்னு வச்சிட்டா. அந்தக் கஷ்டத்துலயும் எனக்கு அதுதான் முதல்ல உறைச்சுச்சு. பின்னால ஒருநாள் அந்த ஸ்கிரிப்டைத் திறந்து பாத்தேன், குத்தம் கண்டுபிடிக்கலாம்னு. நாலே நாலு வரி. அதுக்கு மேல, இது தவமணி அண்ணாச்சி யோசனைன்னு எழுதி வச்சிருந்தா. யாரு திறந்து படிக்கப் போறா அதை? யாரும் படிக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சுதானே எழுதியிருக்கா.

சரி, அன்னைக்கு நடந்ததைச் சொல்லி முடிச்சிடறேன். ராஜகனி டீ கிளாஸும் கையுமா வந்தா. பேச்சியம்மா சொல்லிருச்சு. அவ என்னைப் பாத்தா, திரையைப் பாத்தா. மூலையில கிடக்கிற பழைய மெஷின்ல போய் உக்காந்தா. அவளோட சில்லறை ஸ்கிரிப்ட் ஒண்ணு டீ நேரத்துல நகல் எடுத்து வச்சிருந்துச்சுல்ல, அதுல இருந்து வருசம் பூராவும் எடுத்தா. கடைசித் திருத்தம் உட்பட எல்லாம் இருந்துச்சு. அவ கிளாஸ்ல மிச்சம் இருந்த டீ ஆறக் கூட இல்ல.

நான் அப்பவும் விடல. மொதலாளி கூப்பிடுவாரு, கூப்பிட்டா விசயத்தைத் திருப்பி விடலாம்னு இருந்தேன். அசலைக் கொண்டாந்தவ இவதானே, குளிக்கும்போது சொல்லிப் பாத்த பேச்சு அப்படியே இருக்கு, கொஞ்சம் மாத்தினாப் போதும். மறுநாள் கூப்பிட்டாரு. போனேன். எதிர்ல ராஜகனி நிக்கிறா. சரி, சொல்லிட்டா, இப்ப பாருன்னு தொண்டையைச் செருமிக்கிட்டேன்.

மொதலாளி எந்திரிச்சு வந்து என் தோள்ல கை போட்டாரு. "இந்தப் பாப்பா சொல்லுச்சுய்யா. நேத்து டிஸ்க்கு மக்கர் பண்ணுச்சாமே. நீ உடனே கவனிச்சுச் சொன்னதாலதான் ஒரு வருசத் தாளும் தப்பிச்சுச்சாம். அந்தக் கோயம்புத்தூர்க்காரர் கிட்டயும் சொல்லிட்டேன், எங்க தவமணி கண்ணுல படாம ஒண்ணும் போகாதுன்னு."

நான் அவளைப் பாத்தேன். அவ வேற எங்கயோ பாத்துக்கிட்டு நிக்கிறா. தயார் பண்ணி வச்ச பேச்சுக்கு அங்க இடமே இல்ல. சரிங்க மொதலாளின்னேன். தீபாவளிக்கு எல்லாரும் பாக்க என் கையில அல்வாப் பெட்டி குடுத்து, கை தட்டச் சொன்னாரு. பேச்சியம்மா தட்டுச்சு. அவளும் தட்டினா.

இப்பப் புரியுதா தம்பி என் நிலைமை? அவளைப் பத்தி ஒரு வார்த்தை நான் குத்தமாப் பேசணும்னா, முதல்ல நான் போட்ட ஆர்எம்மைச் சொல்லணும். வாயைத் திறக்க முடியாதபடி கட்டிப் போட்டுட்டா. நான் சீசன் பூரா உக்காந்து பழிவாங்குறதுக்கு வழி தேடினேன். அவ ஒரே ஒரு பொய்யில வாங்கிட்டா. அதுலயும் தினம் காலையில வந்ததும், "வணக்கம் அண்ணாச்சி, சாப்பிட்டீங்களா"ன்னு கேக்குறா. சாப்பிட்டேம்மான்னு நானும் சொல்றேன். இதுக்கு மேல ஒருத்தியை என்ன பண்ண முடியும்? ஆனாலும் விட மாட்டேன். ஒரு சீசன் போனா இன்னொரு சீசன் இருக்கு.

விருதுநகர் தாண்டி வெகு நேரம் ஆச்சு போல. என்னமோ கேக்கணும்னு பாக்குறீங்களே, கேளுங்க.

இப்ப அழிக்கிறதுக்கு நான் எதை அடிக்கிறேன்னா?

அதைக் கேக்காம விட மாட்டீங்களா. ஓரம்தான் அடிக்கிறேன். வேற என்ன செய்யச் சொல்றீங்க, ஒருவாட்டி சூடு பட்ட விரல். ஆனா அவ சீட்டுல இல்லாத நேரமாப் பாத்துத்தான் அடிப்பேன்.